ஆர்கேட் பேனலுக்கு எந்த என்கோடர்? மூன்றாவது பட்டன் விழமாட்டேன் என்கிறது

காவேரிப்பட்டணம் மோட்டார்காரன்

வணக்கம். காவேரிப்பட்டணத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறேன். முழுப்பரீட்சை லீவுக்குள் பையனுக்கும் அக்கா மகளுக்கும் இரண்டு பேர் ஆடுகிற ஆர்கேட் பேனல் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன். 12 எம்.எம். பிளைவுட், மேலே மைக்கா. ஆளுக்கு ஒரு ஜாய்ஸ்டிக், ஆறு பட்டன், ஒரு ஸ்டார்ட், ஒரு காயின். உள்ளே ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டர்.

கடையில் கிடந்த பழைய யு.எஸ்.பி. கீபோர்டைப் பிரித்து, அதன் சின்ன போர்டில் வயர் பற்றவைத்தேன். ஒவ்வொன்றாக அழுத்தினால் எல்லாம் சரி. வலது, மேலே இரண்டையும் பிடித்துக்கொண்டு கிக்கைத் தட்டினால் கிக் விழுவதே இல்லை. சில நேரம் யாரும் தொடாத பட்டன் தானாக விழுகிறது. "அழுத்தினேம்ப்பா, நெஜமா அழுத்தினேன்" என்று பையன் கண் கலங்கிவிட்டான். மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டேன். ஸ்விட்சிலும் வயரிலும் பழுதில்லை.

இதற்கென்றே என்கோடர் (பட்டன் அழுத்துவதைக் கம்ப்யூட்டருக்குச் சொல்லும் போர்டு) வாங்கு என்று ஜீரோ டிலே போர்டு, ஐ-பேக், பைக்கோ என மூன்று பெயர் சொல்கிறார்கள். ஸ்டார்ட்டர், கான்டாக்டர் எல்லாம் கைப்பழக்கம். புரோகிராம் எழுதத் தெரியாது. எதை வாங்கலாம்?

ஓசூர் மெயின்டனன்ஸ்

அண்ணா, உங்கள் வயரிங்கில் தப்பில்லை. கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் தனி வயர் கிடையாது. வரிசைக்கு ஒரு கம்பி, நெடுக்கில் ஒரு கம்பி, இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒரு கீ. ஒரு கட்டத்தின் மூன்று மூலையை ஒரே நேரத்தில் அழுத்தினால் கரண்ட் சுற்றிவந்து நான்காவது மூலையும் அழுந்தியது போலக் காட்டும். அந்தக் குழப்பம் வேண்டாம் என்று சில போர்டுகள் மூன்றாவது கீயையே விட்டுவிடும். கீக்கு ஒரு டையோடு (கரண்டை ஒரு பக்கம் மட்டும் விடுவது) இருந்தால் இது வராது; விலை குறைந்த கீபோர்டில் அது இருக்காது.

நீங்கள் சொன்ன மூன்றிலும் பட்டனுக்கு ஒரு தனி முனை உண்டு, மறுகால் கிரவுண்டுக்கு. அதனால் எதை வாங்கினாலும் இந்தப் பிரச்சினை தீரும்.

ஐ-பேக் 2 அருமையான போர்டு. இங்கிலாந்தின் அல்ட்டிமார்க் செய்வது. 32 இன்புட், இரண்டு பேருக்கும் ஒரே போர்டு போதும். கம்ப்யூட்டருக்குக் கீபோர்டாகவே தெரியும், மேம் எமுலேட்டர் (பழைய ஆர்கேட் கேம்களை ஓட்டும் சாஃப்ட்வேர்) எதிர்பார்க்கும் கீகளே அதில் முன்கூட்டி அமைந்திருக்கும். ஆனால் வெளியூர்ச் சரக்கு. லீவுக்குள் வந்து சேருமா என்பதை யோசித்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி சால்டரிங்

நான் முதலில் செய்த பேனலில் ஜீரோ டிலே இரண்டு போட்டேன், ஆளுக்கு ஒன்று. சால்டரிங் வேண்டாம், பையிலேயே வயர் வரும், சாக்கெட்டில் குத்தினால் வேலை முடிந்தது. பழகுவதற்கு நல்ல போர்டு. ஆனால் இரண்டும் கம்ப்யூட்டரிடம் ஒரே பெயரைச் சொல்லும். ஒரு நாள் ஆன் செய்தால் தங்கை ஆட்டுகிற ஜாய்ஸ்டிக்குக்கு என் ஆள் ஓடுகிறான்! அப்புறம் எந்தப் போர்டு எந்த யு.எஸ்.பி. ஓட்டை என்று நெயில் பாலிஷில் புள்ளி வைத்து, மாற்றாமல் குத்திவந்தேன்.

இப்போது கேட்டால் ராஸ்பெரி பை பைக்கோ என்றுதான் சொல்வேன், ஆளுக்கு ஒன்றாக இரண்டு. அதில் ஜிபி2040-சிஇ என்ற இலவச ஃபர்ம்வேரை (போர்டுக்குள் ஓடும் புரோகிராம், பைக்கோவைக் கேம்பேடாக, அதாவது கேம் கன்ட்ரோலராக, மாற்றும்) ஏற்ற வேண்டும். புரோகிராம் எழுதும் வேலையே இல்லை அண்ணா. போர்டில் உள்ள பூட்செல் பட்டனை அழுத்திக்கொண்டே லேப்டாப்பில் குத்தினால் பென்டிரைவ் மாதிரி திறக்கும், ஃபைலை அதில் இழுத்துப் போட்டால் போதும். ஸ்டார்ட் பட்டன் வயரைப் போட்டபின், அதை அழுத்திக்கொண்டு மறுபடி குத்தி, பிரவுசரில் 192.168.7.1 என்று அடித்தால் எந்த முனை எந்தப் பட்டன் என்று அங்கேயே மாற்றலாம்.

உங்களுக்கு ஆளுக்கு 12 இன்புட், மொத்தம் 24. ஒரு பைக்கோவில் இன்புட்டுக்கு 26 முனை இருப்பதால் ஒன்றே போதும், அதையே கீபோர்டாக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். சாதாரண யு.எஸ்.பி. கீபோர்டு முறையில் கன்ட்ரோல், ஷிஃப்ட் போன்றவை நீங்கலாக ஒரே நேரத்தில் ஆறு கீதான் போகும். இரண்டு பிள்ளைகளும் குறுக்காகத் தள்ளி, ஆளுக்கு இரண்டு பட்டன் அழுத்தினால் எட்டு. மறுபடி "அழுத்தினேம்ப்பா" கதைதான். கேம்பேடாகவே வைத்தால் இந்தக் கணக்கே வராது.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: பைக்கோ 3.3 வோல்ட். லைட் எரியும் பட்டன் போட்டால் அதன் 5 வோல்ட் இன்புட் முனையில் பட்டுவிடக் கூடாது.

காவேரிப்பட்டணம் மோட்டார்காரன்

தம்பி இருவருக்கும் நன்றி. பெங்களூரு எஸ்.பி. ரோட்டுக்குச் சாமான் வாங்கப் போனபோது பைக்கோ இரண்டும் வாங்கிவந்தேன். ஃபைலை ஏற்ற ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

கிரவுண்டுக்கு ஒரே கருப்பு வயரைப் பட்டனுக்குப் பட்டன் தாவவிட்டு, 4.8 எம்.எம். லக் கிரிம்ப் செய்தேன். போர் மோட்டார் ஸ்டார்ட்டரில் ஸ்டார்ட் பட்டன் என்.ஓ. (அழுத்தினால் சேரும்), ஸ்டாப் என்.சி. (அழுத்தினால் பிரியும்). இங்கே எல்லாமே என்.ஓ. ஒரு பட்டன் மட்டும் ஆன் செய்ததுமே அழுந்தியபடி காட்டியது, லக்கை என்.சி.யில் குத்தியிருந்தேன், மாற்றினேன்.

அடுத்தவருக்கு உதவும் என்று இதையும் சொல்கிறேன்: ஜாய்ஸ்டிக்கை மேலே தள்ளினால் அடிப்பக்கம் எதிரே இருக்கும், அதாவது கீழ்ப்புற ஸ்விட்ச்தான் அழுந்தும். நான் பார்வைக்குத் தோன்றியபடி வயர் போட்டதால் நான்கு திசையும் தலைகீழாக வந்தது. எதிரெதிர் வயர்களை மாற்றியதும் சரியாகிவிட்டது.

நேற்று ராத்திரி வலது, மேலே, கிக் மூன்றையும் சேர்த்து அழுத்தச் சொன்னேன். விழுந்தது. அக்கா மகளும் பக்கத்திலேயே நான்கை அழுத்திப் பிடித்தாள். எல்லாம் விழுந்தது.