பூஞ்சை பிடித்த கேசட்டில் அப்பாவின் குரல், உதவுங்கள்

அப்பா மதராஸ் ரெஜிமெண்டில் இருந்தவர். வெலிங்டனில் பயிற்சி, 1971 பாகிஸ்தான் போரின்போது மேற்கு எல்லையில் ஷகர்கர் பகுதி. போன தையில் தவறிவிட்டார். 1994இல் பேரப்பிள்ளைகளுக்காகப் போர்க்கதையை ஒரு கேசட்டில் பேசிப் பதிந்து வைத்திருந்தார், அவர் குரல் என்று எங்களிடம் இருப்பது அது ஒன்றுதான்.

கேசட் டிடிகே டி90. பட்டாளத்து இரும்புப் பெட்டியில், சீருடைக்கு அடியில் பல மழைக்காலம் கிடந்திருக்கிறது. நாடாவின் ஓரத்தில் வெள்ளையாகப் பூஞ்சை, நாடாவை அழுத்தும் சின்னக் கம்பளித் துண்டும் கழன்று விழுந்துவிட்டது. பழைய டூ-இன்-ஒன்னில் போட்டால் முதலில் அப்பா தொண்டையைச் செருமுவது கேட்கிறது, அப்புறம் "கேக்குதாம்மா?" என்கிறார், அவ்வளவுதான், குரல் மந்தமாகி, கிரீச்சென்று சத்தம் வந்து நின்றுவிடுகிறது. அந்த ஒரு வார்த்தையை அம்மா திரும்பத் திரும்பக் கேட்கிறார்.

பென்சில் விட்டுச் சுற்றிப் பார்த்தேன், பிளேயரின் ஹெட்டை ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், இன்னொரு பிளேயரிலும் போட்டேன். அதே கதைதான். வேலூரில் ஒரு கடையில் காட்டினேன், நாடாவை வெட்டி ஒட்ட வேண்டும் என்றார்கள், பயந்து வாங்கி வந்துவிட்டேன். மேற்கொண்டு ஓட்டினால் அறுந்துவிடுமோ என்று இப்போது தொடுவதே இல்லை. தையில் முதல் வருடத் திதி, அன்றைக்குப் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கேட்க வேண்டும் என்று ஆசை.

வேலூர், சென்னை, பெங்களூரு பக்கம், நாடாவை வெட்டாமல் பூஞ்சையைச் சுத்தம் செய்து டிஜிட்டலில் மாற்றித் தரும் ஆள் யாரையாவது நேரடியாகத் தெரியுமா?