பைபாஸுக்குப் பிறகு அப்பாவுக்கு மனக்குழப்பம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

அனைவருக்கும் வணக்கம். பைபாஸ் அறுவை சிகிச்சை முடிந்து அப்பா தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கிறார். செயற்கை சுவாசக் குழாயை எடுத்துவிட்டார்கள். இதயம் நன்றாக வேலை செய்கிறதாம்.

சிக்கல் வேறு. பகலில் தெளிவாகப் பேசுகிறவர் இரவானால் ஆளே மாறிவிடுகிறார். கூரையில் எறும்பு ஊர்கிறது என்கிறார், கையில் இருக்கும் ஊசியைப் பிடுங்கப் பார்க்கிறார், என்னையே யாரென்று கேட்கிறார். இது டெலிரியம், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பின் வயதானவர்களுக்கு அடிக்கடி வருவதுதான், பெரும்பாலும் தானாகத் தெளிந்துவிடும் என்று மருத்துவர் விளக்கினார். புத்திக்குப் புரிகிறது, மனம் கேட்கவில்லை. நர்ஸ் சொன்னபடி மூக்குக்கண்ணாடியையும் காதுக்கருவியையும் மாட்டிவிட்டதில் சற்றே நிதானம் தெரிந்தது.

உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி வந்ததா? எப்போது தெளிந்தது? அவர் இல்லாததைச் சொல்லும்போது மறுத்துப் பேசினீர்களா, பேச்சை மாற்றினீர்களா?

இன்னொன்று. பிளந்து தைத்த நெஞ்செலும்பு வலிக்கும் என்று பயந்து இருமவே மறுக்கிறார். தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு இருமச் சொல்கிறார்கள். சளி தங்கினால் நிமோனியா வரலாம் என்றும் எச்சரிக்கிறார்கள். பிடிவாதக்காரரை எப்படிச் சம்மதிக்க வைத்தீர்கள்?

மருந்து யோசனைகள் வேண்டாம், அதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள். பக்கத்தில் இருந்து கவனித்தவர்களின் அனுபவம்தான் வேண்டும்.