மாத்திரை ஆரம்பித்த பிறகு பெண் உடை ஆசை குறைந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம். நான் ஆண். சின்ன வயதிலிருந்தே தனிமையில் பெண் உடை உடுத்துவேன். மனச்சோர்வுக்காக டாக்டர் செர்ட்ராலின் 50 மி.கி. கொடுத்திருக்கிறார். தூக்கம் வருகிறது, காலையில் நெஞ்சை அழுத்தும் பாரம் இல்லை. அதில் குறையே சொல்ல மாட்டேன்.

ஆனால் அலமாரியைத் திறந்தால் எதுவும் தோன்றுவதில்லை. முன்பெல்லாம் பாவாடை நாடாவை இழுத்துக் கட்டும்போதே ஒரு படபடப்பு வரும். இப்போது சும்மா துணி மாற்றிய மாதிரிதான். கூடவே வரும் குற்ற உணர்ச்சியையும் காணோம் (அது போனதில் சந்தோஷம்தான்!).

இந்த வகை மாத்திரைகள் பாலுணர்வைக் குறைக்கும், சிலருக்கு சந்தோஷம், துக்கம் இரண்டையுமே மழுக்கிவிடும் என்று தெரியும். எனக்குப் புரியாதது இதுதான்: போனது காமம் மட்டும்தானா, உடுத்தினால் கிடைத்த நிம்மதியுமா? ஒருவேளை பதற்றம் தணியத்தான் இத்தனை வருஷம் உடுத்தினேனோ?

அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள். டோஸ் குறைத்த பிறகோ, புப்ரோபியான் என்ற வேறு வகை மனச்சோர்வு மாத்திரைக்கு மாறிய பிறகோ ஆசை திரும்பியதா? டாக்டரிடம் பாலுணர்வு குறைந்ததை மட்டும் சொன்னீர்களா, உடை விஷயத்தையும் சொன்னீர்களா? உலக சுகாதார நிறுவனமே தனது நோய்ப் பட்டியலின் புதிய பதிப்பான ஐசிடி-11இல் இதை நோய் இல்லை என்று எடுத்துவிட்டது. இருந்தும் எனக்கு வாய் வரவில்லை.

"மாத்திரையை நிறுத்திப் பார்" என்று மட்டும் சொல்லாதீர்கள். திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். நிறுத்தும் எண்ணமும் இல்லை. பொதுவில் சொல்லக் கூச்சமாக இருந்தால் தனிச்செய்தி அனுப்புங்கள்.