வெப்பநிலை மாறாத விரிவு: ஒரே கணக்குக்கு மூன்று விடை வருகிறதே?

கடைசிபெஞ்ச்:

கணக்கு இதுதான். 2 மோல் நல்லியல்பு வாயு, 300 கெல்வினில், 10 லிட்டரிலிருந்து 25 லிட்டருக்கு விரிகிறது. வெப்பநிலை மாறவில்லை. வாயு செய்த வேலை எவ்வளவு, உள்ளே போன வெப்பம் எவ்வளவு?

எனக்கு வந்த வேலை 1985 ஜூல். கைடில் 4571. டியூஷன் நோட்டில் இதே எண்களுக்கு 2993 என்று இருக்கிறது. வேதியியல் சூத்திரத்தில் போட்டால் மைனஸ் வேறு வந்து நிற்கிறது. எது சரி?

இன்னொரு சந்தேகம். வெப்பநிலையே ஏறவில்லை என்றால் வெப்பம் எப்படி உள்ளே போயிருக்கும்? மோல் × மோலார் வெப்ப ஏற்புத்திறன் × வெப்பநிலை மாற்றம் என்று போட்டால் பூஜ்யம்தானே வருகிறது?

உந்துதண்டு:

இரண்டாவது சந்தேகத்தை முதலில் தீர்த்துவிடலாம், மற்றது அதற்குப் பிறகு சுலபம்.

நீங்கள் போட்ட பெருக்கல் கன அளவு மாறாதபோது, அல்லது அழுத்தம் மாறாதபோது மட்டும் வெப்பத்தைக் கொடுக்கும். இங்கே இரண்டுமே மாறுகின்றன. கன அளவு மாறாத வெப்ப ஏற்புத்திறனைப் போட்டுப் பெருக்கினால் நல்லியல்பு வாயுவுக்கு எப்போதும் கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். அது பூஜ்யம் என்பது சரி. வெப்பம் பூஜ்யம் என்று அதிலிருந்து வராது.

உருளையை முழுக்க வெப்பக் காப்பிட்டு அதே வாயுவை மெதுவாக விரியவிட்டால் என்ன ஆகும் என்று பாருங்கள். பிஸ்டனைத் தள்ளும் வேலைக்குத் தன் அக ஆற்றலையே செலவழிக்க வேண்டியதுதான். ஓரணு வாயு என்றால் 10 லிட்டரிலிருந்து 25 லிட்டருக்குப் போகும்போது 300 கெல்வினிலிருந்து சுமார் 163 கெல்வினுக்கு இறங்கிவிடும். இப்படி இறங்கவிடாமல் 300லேயே நிறுத்தி வைக்கத்தான் வெளியிலிருந்து வெப்பம் வருகிறது. வந்த வெப்பம் அப்படியே வேலையாக வெளியே போகிறது. வாயுவில் தங்குவது ஒன்றுமில்லை. அதனால் நல்லியல்பு வாயுவுக்கு, வெப்பநிலை மாறா நிகழ்வில், உள்ளே வந்த வெப்பம் = வாயு செய்த வேலை.

இப்போது எண்கள். மீள் விரிவு (வெளி அழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து மிக மெதுவாக நடத்தும் விரிவு) என்று எடுத்துக்கொண்டால்:

வேலை = மோல் × 8.314 × கெல்வின் × எல்என்(இறுதிக் கன அளவு ÷ தொடக்கக் கன அளவு). இதில் 8.314 வாயு மாறிலி, எல்என் என்பது இயல் மடக்கை.

2 × 8.314 × 300 = 4988.4. எல்என் 2.5 = 0.9163. பெருக்கினால் 4571 ஜூல். வெப்பமும் 4571 ஜூல்தான்.

உங்கள் 1985 எங்கிருந்து வந்தது என்பது தெளிவு: 4988.4 × 0.3979 = 1985. கால்குலேட்டரில் எல்என் பொத்தானுக்குப் பதில் லாக் (10 அடிமானம்) பொத்தான். அதை 2.303ஆல் பெருக்குங்கள், 4571 வந்துவிடும். நீட் மாதிரி கால்குலேட்டர் இல்லாத தேர்வுக்கு லாக் 2 = 0.301, லாக் 3 = 0.477 என்ற இரண்டு போதும். 2.5 என்பது 10 ÷ 4. ஆகவே 1 − 0.602 = 0.398. அதோடு 2.303.

மைனஸ் விவகாரம் வெறும் கணக்கு வழக்கம். இயற்பியல் பாடத்தில் வேலை என்றால் வாயு செய்த வேலை; அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் − வேலை. வேதியியல் பாடத்தில் வேலை என்றால் வாயுவின் மீது செய்யப்பட்ட வேலை; அக ஆற்றல் மாற்றம் = வெப்பம் + வேலை. முதலாவதில் +4571, இரண்டாவதில் −4571. வெப்பம் இரண்டிலும் +4571. ஒரு கணக்கின் நடுவில் ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவினால்தான் ஆபத்து. வெப்பம் −4571 என்று எழுதி, விரியும் வாயு வெப்பத்தை வெளியே கக்கியதாக முடித்துவிடுவார்கள்.

அலகில் ஒரு எச்சரிக்கை: 8.314 போட்டால் விடை ஜூலில் வரும், லிட்டர் விகிதமாக இருப்பதால் மாற்றவே வேண்டாம். 0.0821 போட்டால் விடை லிட்டர்-வளிமண்டலத்தில் வரும்; 101.3ஆல் பெருக்க வேண்டும். 0.0821 போட்டு வந்த 45 என்ற எண்ணை ‘45 ஜூல்’ என்று எழுதிவைத்த விடைத்தாள்கள் ஏராளம்.

2993 பற்றி வேறு யாராவது எழுதுங்கள்.

பாதைசார்பு:

2993-உம் சரியான விடைதான், ஆனால் வேறு கேள்விக்கு. நோட்டில் ‘மாறாத வெளி அழுத்தத்தை எதிர்த்து’ என்ற சொற்கள் எங்காவது இருக்கும், தேடிப் பாருங்கள்.

எல்என் சூத்திரம் பிறப்பதே ஒவ்வொரு நொடியும் வெளி அழுத்தம் வாயுவின் அழுத்தத்தைவிட மயிரிழை மட்டுமே குறைவு என்ற அனுமானத்தில். அப்போதுதான் தொகையிடும்போது வெளி அழுத்தத்துக்குப் பதில் மோல் × 8.314 × கெல்வின் ÷ கன அளவு என்று எழுத முடியும். பிஸ்டன் மேலிருந்த எடையை ஒரேயடியாக எடுத்துவிட்டால் இந்த அனுமானம் செல்லாது. வாயு இப்போது எதிர்ப்பது இறுதி அழுத்தத்தை மட்டும்.

இறுதி அழுத்தம் = 4988.4 ÷ 0.025 = 1,99,536 பாஸ்கல். கன அளவு மாற்றம் 0.015 கன மீட்டர். பெருக்கினால் 2993 ஜூல். வெப்பமும் அதே 2993. தொடக்கமும் முடிவும் 300 கெல்வின் என்பதால் அக ஆற்றல் மாற்றம் இன்னமும் பூஜ்யம்.

இங்கே ஒரு நுணுக்கம். எடையைச் சட்டென்று எடுத்தால் நடுவழியில் வாயு குளிரத்தான் செய்யும், சீராக ஒரே வெப்பநிலைகூட இருக்காது. பிறகு சுற்றுப்புறத்திடமிருந்து வெப்பம் வாங்கி 300க்குத் திரும்பும். வெளி அழுத்தம் மாறாமல் இருப்பதால் கணக்கு அதனால் கெடாது.

எடையைத் துண்டு துண்டாக எடுத்தால் என்ன ஆகும்? ஒவ்வொரு படியிலும் கன அளவு ஒரே விகிதத்தில் பெருகுவதாக வைத்துக்கொண்டால்:

ஒரே படி: 2993 ஜூல்
2 படி: 3667
4 படி: 4085
10 படி: 4368
எண்ணற்ற படி: 4571

வெற்றிடத்துக்குள் திறந்துவிட்டால் வெளி அழுத்தம் இல்லை, வேலை 0, வெப்பம் 0. ஆக இதே இரு நிலைகளுக்கு நடுவே 0 முதல் 4571 வரை எந்த விடைக்கும் ஒரு பாதை உண்டு. வினாத்தாளில் ‘மீள்’ என்ற சொல் இருக்கிறதா, வெளி அழுத்தம் என்று ஓர் எண் கொடுத்திருக்கிறார்களா என்று பார்த்த பிறகு பேனாவைத் திறங்கள்.

திரும்பி அமுக்குவதற்கு இந்த வரிசை தலைகீழ். 25 லிட்டரிலிருந்து 10க்கு மீள் முறையில் 4571 ஜூல் போதும். தொடக்கத்திலேயே 4,98,840 பாஸ்கல் எடையைத் தூக்கி வைத்தால் 7483 ஜூல் செலவாகும். ஒரே படியில் போய் ஒரே படியில் வந்தால் வாயு பழைய இடத்தில்; 7483 − 2993 = 4490 ஜூல் வேலை சுற்றுப்புறத்தில் வெப்பமாகிவிட்டது.

என்ட்ரோபி (ஆற்றல் எவ்வளவு சிதறியிருக்கிறது என்பதன் அளவு) கேட்டால் குழம்ப வேண்டாம். வாயுவின் என்ட்ரோபி மாற்றம் எந்தப் பாதைக்கும் ஒன்றே: 2 × 8.314 × 0.9163 = 15.24 ஜூல்/கெல்வின். 2993ஐ 300ஆல் வகுத்து 9.98 என்று எழுதுவது பலர் செய்யும் பிழை. அந்த 9.98 சுற்றுப்புறம் இழந்தது. மொத்தம் 5.26 கூடியிருக்கிறது, அது மீளா நிகழ்வு என்பதன் கணக்கு.

கடைசிபெஞ்ச்:

புரிந்தது. நோட்டில் நிஜமாகவே ‘மாறாத வெளி அழுத்தம்’ என்று ஓரத்தில் இருக்கிறது. இரண்டு கேள்வி மிச்சம். இந்த வெப்பநிலை மாறா அமுக்கம் எந்த இயந்திரத்திலாவது நடக்கிறதா, இல்லை தேர்வுக்கு மட்டும்தானா? நிஜ வாயுவுக்கும் வெப்பம் = வேலை தானா?

ஏர்லைன்ஃபிட்டர்:

முழுதாக எந்த இயந்திரத்திலும் நடப்பதில்லை. ஆனால் ஏர் கம்ப்ரசர் எவ்வளவு மோசம் என்று அளக்க இதைத்தான் அளவுகோலாக வைக்கிறோம்.

உள்ளே இழுக்கும் காற்று 1 பார், 1 கன மீட்டர், 300 கெல்வின். வெளியே 8 பார் அப்சல்யூட் (வளிமண்டல அழுத்தத்தையும் சேர்த்தது), அதாவது அதைச் சேர்க்காமல் காட்டும் கேஜில் 7.

வெப்பநிலை மாறாமல் அமுக்கினால்: 1,00,000 × 1 × எல்என் 8 = 208 கிலோஜூல். இவ்வளவு வெப்பமும் குளிரூட்டும் தண்ணீரில் போயாக வேண்டும்.

வெப்பமே வெளியேறாமல் அமுக்கினால், உறிஞ்சித் தள்ளும் வேலையையும் சேர்த்து: 284 கிலோஜூல். வெளியேறும் காற்று 543 கெல்வின், அதாவது 270 டிகிரி செல்சியஸ்.

இரண்டு கட்டமாக அமுக்கி, நடுவில் இன்டர்கூலரில் 300 கெல்வினுக்கே கொண்டுவந்தால்: 242 கிலோஜூல். இரண்டு சிலிண்டரும் நடுவில் துடுப்பு வைத்த குழாயும் எதற்கு என்றால் இந்த 42 கிலோஜூலுக்காக. இரண்டு கட்டத்திலும் அழுத்த விகிதம் சமமாக இருந்தால்தான் இந்த எண். 8க்கு வர்க்கமூலம் 2.83, ஆகவே நடு அழுத்தம் 2.83 பார்.

நிமிடத்துக்கு 1 கன மீட்டர் என்றால் 208 கிலோஜூல் என்பது 3.47 கிலோவாட். மோட்டார் 6.3 கிலோவாட் இழுக்கிறது என்றால் ஐசோதெர்மல் திறன் (வெப்பநிலை மாறாமல் அமுக்கத் தேவையானது ÷ நிஜமாக இழுப்பது) 55 சதவீதம். இன்டர்கூலர் துடுப்பில் எண்ணெயும் தூசியும் அப்பிக்கொண்டால் இந்த எண்தான் முதலில் விழும்.

‘காற்று உள்ளே வந்து வெளியே போய்க்கொண்டே இருக்கும் ஓட்ட இயந்திரத்துக்கும் மூடிய உருளைக்கும் எப்படி ஒரே எல்என் சூத்திரம்?’ என்று கேட்பீர்கள். வெப்பநிலை மாறாவிட்டால் அழுத்தம் × கன அளவு இரு பக்கமும் ஒன்று. உள்ளே தள்ளும் வேலையும் வெளியே தள்ளும் வேலையும் கழிந்துவிடும். வெப்பப் பரிமாற்றமில்லா நிகழ்வில் கழியாது, அதற்குச் சூத்திரமே வேறு.

பட்டறையில் நிஜமாகத் தப்பாகிற இடம் கேஜ். மீட்டர் 2 பாரிலிருந்து 8 பாருக்குப் போகிறது என்றால் விகிதம் 4 இல்லை. வளிமண்டலத்தைச் சேர்த்தால் 3லிருந்து 9, விகிதம் 3. எல்என் 4 = 1.386, எல்என் 3 = 1.099. வேலையை 26 சதவீதம் கூட்டிச் சொல்லிவிடுவீர்கள். வெப்பநிலையைச் செல்சியஸில் போடுவது இதைவிடப் பெரிய கூத்து, அதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

டேங்கை வேகமாக நிரப்பி வால்வை மூடிவிட்டு, ஆறிய பிறகு பாருங்கள், கசிவே இல்லாமல் மீட்டர் இறங்கியிருக்கும். அமுக்கும்போது போகாத வெப்பம் இப்போது போகிறது, அவ்வளவுதான். காற்றிலிருந்த ஈரமும் அப்போது தண்ணீராகி அடியில் தங்கும். டிரெயின் வால்வு அடியில் இருப்பது அதனால்தான்.

உந்துதண்டு:

நிஜ வாயுவுக்கு வெப்பமும் வேலையும் சமம் இல்லை. மூலக்கூறுகள் ஒன்றையொன்று இழுப்பதால், விரியும்போது அந்த இழுப்பை விலக்கவும் ஆற்றல் தேவை. வெப்பநிலை மாறாவிட்டாலும் அக ஆற்றல் கூடும்.

அதே 2 மோல், அதே 300 கெல்வின், 10லிருந்து 25 லிட்டர், ஆனால் கார்பன் டை ஆக்சைடு. வான் டெர் வால்ஸ் மாறிலிகள் (நிஜ வாயுவுக்கான திருத்த எண்கள்): ஈர்ப்புக்கு 0.364 (பாஸ்கல், கன மீட்டர், மோல் அலகில்), பருமனுக்கு மோலுக்கு 0.0427 லிட்டர்.

முதலில் இரு கன அளவிலிருந்தும் 2 × 0.0427 = 0.085 லிட்டரைக் கழியுங்கள். 24.915 ÷ 9.915 = 2.513, எல்என் 0.9214, 4988.4ஆல் பெருக்கினால் 4597 ஜூல். மீள் விரிவுக்கு இதுதான் வெப்பம்.

அக ஆற்றல் கூடுதல் = 0.364 × 4 × (1 ÷ 0.01 − 1 ÷ 0.025) = 1.456 × 60 = 87 ஜூல்.

வேலை = 4597 − 87, ஏறக்குறைய 4509 ஜூல் (தசமங்களோடு போட்டால்). நல்லியல்பு விடையான 4571லிருந்து ஒன்றரை சதவீதம்கூட விலகவில்லை. ஆகவே இந்த அழுத்தத்தில், அதாவது 5 பார் வரைக்கும், நல்லியல்புச் சூத்திரத்தையே தைரியமாகப் போடலாம்.

நிலை மாற்றம் வந்தால் மட்டும் அந்தப் பக்கமே போகாதீர்கள். 100 டிகிரியில் 1 மோல் தண்ணீர் கொதிப்பதும் வெப்பநிலை மாறா நிகழ்வுதான். வெப்பம் 40.7 கிலோஜூல், வேலை சுமார் 3.1. மிச்சம் 37.6 கிலோஜூல் அக ஆற்றலில் சேர்கிறது. ‘வெப்பநிலை மாறவில்லை, அக ஆற்றல் மாற்றம் பூஜ்யம்’ என்று மனப்பாடமாக எழுதினால் இங்கே முழு மதிப்பெண்ணும் போகும்.

பாதைசார்பு:

அந்த 87 ஜூலில் ஒரு சுவாரஸ்யம் இருக்கிறது. அதே கார்பன் டை ஆக்சைடைக் காப்பிட்ட பாத்திரத்தில் வெற்றிடத்துக்குள் திறந்துவிட்டால் வேலை 0, வெப்பம் 0, அக ஆற்றல் மாறாது. இழுப்பை விலக்கத் தேவையான 87 ஜூலை வாயு தன் வெப்ப இயக்கத்திலிருந்துதான் எடுக்க வேண்டும். கன அளவு மாறாத மோலார் வெப்ப ஏற்புத்திறன் சுமார் 28.5, 2 மோலுக்கு 57; 87 ÷ 57 = 1.5 டிகிரி குளிரும்.

1840களில் ஜூல் அமுக்கிய காற்றை வைத்து இதைத்தான் தண்ணீர்த் தொட்டிக்குள் செய்து பார்த்தார். தெர்மாமீட்டர் அசையவில்லை. காற்றில் விளைவு இதைவிடச் சிறியது. செம்புக் கலங்களுக்கும் தண்ணீருக்கும் வெப்ப ஏற்புத்திறன் மிக அதிகம், அந்தச் சிறிய குளிர்ச்சி அதில் கரைந்துவிட்டது.