கரண்ட் இல்லாதபோதே டைமர் செட்டிங்: என்.எஃப்.சி அனுபவம்
மன்னார்குடிப் பக்கம் அரிசி மில்களுக்குப் பேனல் போர்டு (மோட்டார் சுவிட்சுகள் இருக்கும் பெட்டி) வேலை பார்க்கிறேன். என்.எஃப்.சி (கிட்டே வைத்தாலே தகவலைக் கடத்தும் குறுந்தூர ரேடியோ) வழியாக, போனை மேலே வைத்து செட்டிங் போடுகிற டைமர், ரிலே (தானாக ஆன், ஆஃப் ஆகும் சுவிட்ச்) எல்லாம் நம்ம ஊருக்குச் சரிப்படுமா என்று கேட்பவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

சம்பா அறுவடை நேரம். ஒரு மில்லில் டிரையர் ப்ளோயரின் ஸ்டார் டெல்டா டைமர் போய்விட்டது. மோட்டாரைக் குறைந்த வோல்டேஜில் (ஸ்டார்) கிளப்பி, சில நொடியில் முழு வோல்டேஜுக்கு (டெல்டா) மாற்றுவது அதுதான். அவித்த நெல் காத்திருக்காது, காயத் தாமதமானால் வாடை அடித்துவிடும். அன்றைக்கென்று ஊரில் ஷட்டவுன் வேறு. வாங்கி வந்த புது டைமரின் முகப்பு மொழுக்கென்று இருந்தது. “என்ன தம்பி, இதுல திருகுறதுக்கே ஒண்ணும் இல்லையே?” என்றார் மேஸ்திரி. ஆப்பில் 8 நொடி என்று வைத்து, போனின் முதுகை டைமர் மேல் ஒட்டிப் பிடித்தேன். போன் அதிர்ந்தது, வேலை முடிந்தது. கரண்ட் வந்ததும் மோட்டார் சரியாக டெல்டாவுக்கு மாறியது.

டைமருக்குள் இருக்கும் என்.எஃப்.சி சிப்புக்கும் சிறு ஆன்டெனாச் சுருளுக்கும் தனியாகக் கரண்ட் தேவையில்லை. போன் அனுப்பும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையே அதற்குப் போதும். எழுதியது சிப்பின் மெமரியில் அப்படியே நிற்கும், சப்ளை வந்ததும் டைமர் அதைப் படித்துக்கொள்ளும். லைன் இல்லாத பேனலில் கை வைத்து செட்டிங் பண்ணுகிற நிம்மதி, எங்களைப் போன்றவர்களுக்குப் பெரிய விஷயம். திருகு ஓட்டை இல்லாததால் உமித்தூசி உள்ளே போகவும் வழி குறைவு.

புளூடூத்தை விட எனக்கு இதில்தான் நம்பிக்கை அதிகம். ஒரே பேனலில் ஒரே மாதிரி ஆறு ரிலே இருந்தால், புளூடூத் பட்டியலில் எது எது என்று தேட வேண்டும். இது சில சென்டிமீட்டர்தான் எட்டும், எதைத் தொடுகிறோமோ அதில்தான் எழுதும்.

தொல்லையும் உண்டு. மலிவு விலை போன்கள் பலவற்றில் என்.எஃப்.சி கிடையாது. போன் கவரில் இரும்புத் தகடு இருந்தால் கழற்றிவிடுங்கள். ஐபோனில் ஆன்டெனா மேல் விளிம்பில் இருக்கும். வயலுக்கு நடுவில் உள்ள மில்லில் சிக்னல் கிடைக்காது, ஆப்பைக் கிளம்பும்போதே இறக்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வந்தது பாஸ்வேர்டு விஷயத்தில். முன்பு வேலை செய்த ஒருவர் ரிலேயைப் பூட்டிவிட்டு ஓனரிடம் சொல்லாமலே போயிருந்தார். நல்ல ரிலேயைக் கழற்றிவிட்டுப் புதிது வாங்க வேண்டியதாயிற்று. காசு போட்டவருக்குத்தான் அந்தப் பாஸ்வேர்டு சொந்தம். நான் அதை எழுதி ஓனர் கையில் கொடுத்து, செட்டிங் ஃபைலையும் அவர் வாட்ஸ்அப்புக்கு அனுப்பிவிட்டுத்தான் கிளம்புவேன்.

அப்புறம், ஓடிக்கொண்டிருக்கும்போது மாற்றினால் சில கருவிகள் புது செட்டிங்கை எடுத்துக்கொள்ளாது. ஒருமுறை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்கள்.