அம்மா போட்டது என்ன ஊசி?

பனாட்டு:

2021 மே 30ஆம் திகதிதான் யாழ்ப்பாணத்தில் பொதுமக்களுக்குக் கொரோனாத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். முதலில் வந்தது 50,000, எல்லாம் சீனாவின் சினோபார்ம். பயணத்தடை நேரம், ரோட்டில் காகம்கூட இல்லை. எங்கள் பகுதியின் முறை வந்தபோது அம்மாவை மோட்டார் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனேன். பள்ளிக்கூட மண்டபத்தில் தள்ளித் தள்ளிக் கதிரைகள். சட்டைக் கை இறுக்கம் என்று அம்மா முதல் நாளே தையலைப் பிரித்து வைத்திருந்தார். என்ன ஊசி என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. கிடைத்ததே பெரிய காரியம்.

அந்தக் கேள்வி கனடாவிலிருந்துதான் வந்தது. அக்காவுக்கு ஒக்டோபரில் பிள்ளை பிறக்க இருந்தது. "என்ன ஊசியம்மா போட்டனீங்கள்?" அம்மா அட்டையைத் தலைகீழாகக் கமராவுக்குக் காட்டினார். அக்கா கொஞ்ச நேரம் கதைக்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் மே 7ஆம் திகதியே சினோபார்முக்கு அவசர அனுமதி கொடுத்திருந்தது. ஆனால் கனடாவின் பட்டியலில் அது இல்லை. போனால் 14 நாள் தனிமைப்படுத்தல்.

"அப்ப நான் ஊசி போடாத ஆளோ?" என்றார் அம்மா.

பட்டியலில் சேர்த்தது நவம்பர் 30. அதற்குள் பேரனுக்கு 31ஆம் நாள் துடக்குக் கழிவும் முடிந்துவிட்டது. பிள்ளை பெற்ற அக்காவின் பத்தியச் சாப்பாட்டுக்கென்று அம்மா இடித்து வைத்த சரக்குத் தூள் மட்டும் பார்சலில் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

வெள்ளவத்தை வாசி:

எனக்கு ஊர் நல்லூர், வேலை கொழும்பில். மார்ச்சில் கோவிஷீல்ட் (இந்தியாவில் தயாரித்த அஸ்ட்ராசெனகா) முதல் ஊசி போட்டேன். சனவரி 28 அன்று இந்தியா 5 இலட்சம் அன்பளிப்பாக அனுப்பியது. மார்ச் 7 அன்று, நாடுகளுக்குத் தடுப்பூசியைப் பகிர்ந்து கொடுத்த கோவாக்ஸ் என்ற உலகத் திட்டம் வழியாக 264,000 வந்தது. அப்புறம் இந்தியாவிலேயே இரண்டாம் அலை, ஏற்றுமதி நின்றது. அட்டையின் இரண்டாவது கட்டம் மாதக்கணக்காக வெறுமையாய்க் கிடந்தது. ஜூலை கடைசியில் யப்பான் அனுப்பிய அஸ்ட்ராசெனகா வந்த பிறகு, ஓகஸ்டில்தான் அது நிரம்பியது. பணக்கார நாடுகள் முதலில் தங்களுக்கு எடுத்து வைத்துக்கொண்டு மிச்சத்தைத்தான் பகிர்ந்தன என்ற கோபம் எனக்கு இன்னும் உண்டு.

பனாட்டு:

எனக்கும்தான். அம்மாவுக்குப் பிறகு பூஸ்டர் பைசர். இந்த முறை சட்டைக் கையைத் தூக்க முன்னமே தாதியிடம் கேட்டுவிட்டார்: "பிள்ளை, இது கனடாவில செல்லுமோ?"