அவசரம்: கையால செஞ்ச ஃபிளின்ட்லாக் ரைபிள், நாளைக்குள்ள முன்பணம் கட்டலாமா?

புதுசா_வந்தவன்
எல்லாருக்கும் வணக்கம். அமெரிக்கா வந்து கொஞ்ச நாள்தான் ஆகுது. இணையத்துல ஒருத்தர் கையால செஞ்ச ஃபிளின்ட்லாக் ரைபிள் (சிக்கிமுக்கிக் கல் பொறியில மருந்து பத்திச் சுடுற பழைய வகை) விக்கிறார். 50 காலிபர் (குழல் வாய் அரை அங்குலம்), குந்தா (குழலைத் தாங்குற மரக்கட்டை) முழுக்கச் செதுக்கல், பித்தளை வேலை. 2,400 டாலர் சொல்றார். நாளைக்கு ராத்திரிக்குள்ள பாதிப் பணம் அனுப்பலன்னா வேற ஆளுக்குக் கொடுத்துடுவாராம். போட்டோ நாலு அனுப்பியிருக்கார். இது சரியான விலையா? லைசன்ஸ் வேணுமா? டிசம்பர் கடைசிக்குள்ள கையில இருந்தாகணும். வீட்டுல இன்னும் பேசல. ஒரே பதட்டமா இருக்கு, யாராவது சீக்கிரம் சொல்லுங்க.

கோவில்பட்டி_கண்ணன்
தம்பி, துப்பாக்கி எங்கயும் போகாது. வந்த புதுசுல 2,400 டாலர்ங்கறது பெரிய காசு. வாடகை முன்பணம், கார், கார் இன்சூரன்ஸ் மூணும் முடியாம வேற எதுலயும் கை வைக்காதீங்க. முதல்ல 500 டாலர் கட்டி ஒரு செக்யூர்ட் கிரெடிட் கார்டு (அந்தப் பணத்தையே பிணையா வெச்சுத் தர்ற அட்டை) எடுங்க. மாசம் 100, 150 டாலருக்கு மேல அதுல செலவு பண்ணாம முழுசா அடைச்சுட்டு வாங்க. வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்துப் படிங்க. துப்பாக்கியோ வெடிமருந்தோ வெச்சுக்கக் கூடாதுன்னு நிறைய அபார்ட்மென்ட்ல எழுதியே இருக்கும். அதுல கையெழுத்துப் போட்டுட்டு ரைபிளை உள்ள கொண்டு வந்தா வீட்டைக் காலி பண்ணச் சொல்லலாம்.

செந்தில்_டெக்சாஸ்
லைசன்ஸ் எதுவும் வேணாம் நண்பா, தைரியமா வாங்குங்க. 1968ம் வருஷத்துத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி 1898 அல்லது அதுக்கு முன்னாடி செஞ்ச துப்பாக்கி 'பழங்காலத் துப்பாக்கி'. அந்தக் கால ஃபிளின்ட்லாக் மாதிரியே இன்னிக்குப் புதுசா செஞ்சாலும், தோட்டா போடுற அமைப்பு இல்லன்னா அதே கணக்குதான். கூட்டாட்சிச் சட்டத்துக்கு அது 'ஃபயர்ஆர்ம்' கிடையாது. டீலர் வேணாம், பின்னணிச் சோதனை வேணாம், வீட்டு வாசலுக்கே பார்சல் வரும்.

மீனாட்சி_நியூஜெர்சி
மாநிலம் எதுன்னே தெரியாம இப்படி அடிச்சுச் சொல்றது ஆபத்து. நீங்க சொல்றது கூட்டாட்சிச் சட்டம் மட்டும்தான். நியூ ஜெர்சியில அலங்காரத்துக்கு மாட்டி வைக்கிறது வேற, சுடறதுக்கு வெச்சிருக்கிறது வேற. சுடணும்னா சாதாரண ரைபிளுக்கு வாங்குற துப்பாக்கி அடையாள அட்டையே இதுக்கும் வேணும். கேள்வி கேட்டவர் எந்த மாநிலம், எந்த விசா, எதுக்காக வாங்குறார்னு ஒண்ணுமே சொல்லலியே?

வல்வை_ரொறன்ரோ
தம்பி, கனடாவில எண்டா ஃபிளின்ட்லாக் நெடுந்துப்பாக்கிக்கு, புதுசாச் செய்தது எண்டாலும், லைசன்ஸ் தேவையில்லை. ஆனா தொப்பி வைச்சு வெடிக்கிற பெர்கஷன் வகையைப் புதுசாச் செய்திருந்தா லைசன்ஸ் கட்டாயம் வேணும். ரெண்டையும் குழப்பி வாங்கிப்போட்டு மாட்டுப்படுகிற ஆக்கள் இருக்கினம். நீங்கள் எந்தப் பக்கம் எண்டு முதல்ல சொல்லுங்கோ.

லண்டன்_பரணி
பிரிட்டன்ல இந்தச் சலுகையே கிடையாது. புரிகுழல் (உள்ள முறுக்கு வரி வெட்டின குழல்) உள்ள புது ஃபிளின்ட்லாக் சுடணும்னா காவல்துறை தர்ற துப்பாக்கிச் சான்றிதழ் வேணும். கருமருந்துக்கு (இந்தப் பழைய வகைத் துப்பாக்கிக்குப் போடற வெடிமருந்து) தனியா வெடிபொருள் சான்றிதழ் வாங்கணும்.

செந்தில்_டெக்சாஸ்
சட்டம் கூடப் பரவாயில்லைங்க. உண்மையான கொடுமை கருமருந்துதான். பக்கத்துக் கடைக்குப் போனா மாற்று மருந்துதான் இருக்கும், அசல் கருமருந்து இருக்காது. தபால்ல வரவழைச்சா அபாயப் பொருள் கட்டணம்னு ஒரு தொகை மேல ஏறுது. 2021ல கருமருந்து செய்யற கோயெக்ஸ் ஆலையை மூடப் போறோம்னு அறிவிச்சப்ப கிடைச்ச விலைக்கு அள்ளிட்டுப் போனாங்க. எஸ்டெஸ் கம்பெனி அதை வாங்கித் திரும்ப நடத்துது. ஆனாலும் ஒரு டப்பாவுக்கு ஊர் ஊரா அலைய வேண்டியிருக்கு.

கோவில்பட்டி_கண்ணன்
அதைத்தான் நானும் சொல்றேன். வாடகை ஏறுது, இன்சூரன்ஸ் ஏறுது, மருந்து விலையும் ஏறுது. விசா புதுப்பிக்கிற செலவு வேற. இதுல துப்பாக்கி எதுக்கு?

மீனாட்சி_நியூஜெர்சி
துப்பாக்கி வேணுமா வேணாமாங்கறது அவர் முடிவு. அவர் கேட்டதுக்குப் பதில் சொல்லுவோம். மாநிலம், விசா, தேவை, இதோட எந்தக் கைப் பழக்கம்? நாலையும் எழுதுங்க தம்பி.

புதுசா_வந்தவன்
மன்னிக்கணும், சொல்ல விட்டுட்டேன். பென்சில்வேனியா, ஆலன்டவுன் பக்கம். எச்-1பி வேலை விசா. கிறிஸ்துமஸுக்கு அடுத்த நாள் தொடங்குற ஃபிளின்ட்லாக் மான் வேட்டைக்கு ஆபீஸ் நண்பர்கள் கூப்பிட்டிருக்காங்க. எனக்கு இடது கை. அது முக்கியமா?

கருமருந்து_காளி
ரொம்ப முக்கியம். மத்ததையும் சேர்த்துச் சொல்றேன், பொறுமையாப் படிங்க.

முதல்ல விசா. எச்-1பி மாதிரி குடியேற்றமில்லா விசாவுல இருக்கறவங்க சாதாரண ரைபிளோ தோட்டாவோ வெச்சிருக்கக் கூட்டாட்சிச் சட்டத்துல தடை இருக்கு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் மாதிரி சில விலக்கு மட்டும்தான். ஃபிளின்ட்லாக் அந்தச் சட்டத்துல 'ஃபயர்ஆர்ம்' கணக்குலயே வராததால இந்தத் தடையும் அதுக்கு இல்லை. இதே மாதிரி துப்பாக்கியில விளையாட்டுக்கோ பொழுதுபோக்குக்கோ பயன்படுத்துற, ஆலையில செஞ்ச கருமருந்து 50 பவுண்டு வரைக்கும் கூட்டாட்சி வெடிபொருள் விதியிலிருந்து விலக்கு. ஆனா நண்பர் தர்றாரேன்னு ஒரு பெட்டித் தோட்டாவை உங்க கார்ல வெச்சுக்காதீங்க, அது வேற கதை. விசா விஷயத்தை ஒரு குடியேற்ற வழக்கறிஞர்கிட்டயும் ஒரு தடவை கேட்டுக்கறது நல்லது.

வேட்டைக்கு உரிமம் கட்டாயம். முதல் தடவை உரிமம் எடுக்கறவங்க வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடிச்சிருக்கணும். பென்சில்வேனியாவுல அந்த சீசனுக்குக் குறைந்தது 44 காலிபர், பற்றவைப்பு ஃபிளின்ட்லாக்கா மட்டும்தான் இருக்கணும். ரைபிளைத் தேடுறதுக்கு முன்னாடி வகுப்பைப் பதிவு பண்ணுங்க.

இப்ப கை. சாதாரண ரைபிள்ல லாக் (கல்லைத் தட்டிப் பொறி வரவைக்கற பொறியமைப்பு) வலது பக்கம் இருக்கும், வலது கைக்காரர் கன்னம் இடது பக்கம் படியும். இடது தோள்ல வெச்சா உங்க முகம் லாக் இருக்கற பக்கத்துக்கே வந்துடும். கிண்ணியில (லாக்குல கொஞ்சம் மருந்து வைக்கற சின்னக் குழி) மருந்து பத்தும்போது நெருப்பும் புகையும் கண்ணுக்கு முன்னாலயே சீறும். கன்னம் படியற மேடும் எதிர்ப்பக்கம் போயிடும். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுச் சுடலாம்தான், ஆனா புதுசாப் பழகுறவர் பயந்து கண்ணை மூடிக்குவார், குறி தப்பும். சைலர்ங்கற லாக் வடிவத்துல இடது கைக்கும் கிடைக்குது. பழைய ரைபிள் சந்தையில இடது கை அரிது. ஆனா வாங்க ஆளும் குறைவு, அதனால பேரம் பேச இடம் இருக்கு.

மீனாட்சி_நியூஜெர்சி
விலையைப் பத்தி நான் சொல்றேன். தரமான குழல், லாக், வரியோடிய மேப்பிள் கட்டை, இரட்டை விசை, பித்தளைச் சாமான் எல்லாம் உதிரியா வாங்கினாலே ஏறக்குறைய 1,000 டாலர் வந்துடும். குந்தா முழுக்கச் செதுக்கணும்னா அதுக்கு மேல நூறு மணி நேரத்துக்கு மேல வேலை இருக்கு. பேர் தெரிஞ்ச கைவினைஞர்கிட்டப் புதுசா சொல்லிச் செய்யணும்னா செதுக்கல் இல்லாததே 3,000 டாலரைத் தாண்டும், வருஷக்கணக்குல காத்திருக்கணும். அப்ப 2,400க்கு முழுச் செதுக்கல்னா கற்றுக்குட்டி வேலையா இருக்கலாம், அவசரத்துல விக்கிறதா இருக்கலாம், ரைபிளே இல்லாத போலி விளம்பரமாவும் இருக்கலாம். நாலு போட்டோவுல இது தெரியாது.

குறைஞ்ச காசுல தரம் வேணும்னா செதுக்கலை விடுங்க. காசு குழல்லயும் லாக்குலயும் கட்டையிலயும் இருக்கணும். ஒருத்தர் வெச்சிருந்த, அலங்காரம் இல்லாத கைவேலை ரைபிள் 1,200லிருந்து 2,000 டாலருக்குள்ள அகப்படும். மினசோட்டாவுல டிராக் ஆஃப் த வுல்ஃப் கடையில இந்த மாதிரி பழைய கைவேலை ரைபிள்களைப் படத்தோட, அளவோட பட்டியல் போடுறாங்க. இண்டியானாவுல ஃபிரெண்ட்ஷிப் ஊர்ல நடக்கற துப்பாக்கிச் சுடும் கூடல்களும், கென்டக்கி லெக்சிங்டன்ல ஆகஸ்டுல கூடற லாங் ரைபிள் (நீளக் குழல் ரைபிள்) கண்காட்சியும் நேர்ல தொட்டுப் பார்த்து வாங்கற இடங்கள். உங்களுக்குப் பக்கத்துலயே நாசரேத் ஊர்கிட்ட ஜேக்கப்ஸ்பர்க்ல லாங் ரைபிள் அருங்காட்சியகம் இருக்கு. இந்தத் துப்பாக்கி பிறந்ததே பென்சில்வேனியா மண்ணுலதான். ஜெர்மனியிலிருந்து வந்த கைவினைஞர்கள் யேகர்ங்கற குட்டையான ஜெர்மன் வேட்டை ரைபிளை நீட்டி மெலிய வெச்சு 18ம் நூற்றாண்டுல உருவாக்கினது. அசல் எப்படி இருக்கும்னு ஒரு தடவை பார்த்துட்டு வந்தா, விக்கிறவர் காட்டற குந்தா ஏன் கனமா, உருவமில்லாம இருக்குன்னு கண்ணே சொல்லிடும்.

கருமருந்து_காளி
விக்கிறவர்கிட்டக் கேக்க வேண்டிய போட்டோ: லாக்கைக் கழட்டி அதோட உள்பக்கம், கட்டையில லாக் உக்காரற குழி, டச்-ஹோல் (கிண்ணி நெருப்பு குழலுக்குள்ள போற துளை) கிட்டத்துல, மணிக்கட்டு மாதிரி மெலிஞ்ச பகுதியில மர வரி ரெண்டு பக்கமும், குழல் வாய், குழல் மேல் பட்டையில இருக்கற கையெழுத்து. குழி சுத்தமா, இடைவெளி இல்லாம வெட்டியிருந்தா செஞ்சவர் கை தெரிஞ்சவர். இடைவெளியைப் பிசின் போட்டு நிரப்பியிருந்தா வேணாம். மெலிஞ்ச பகுதியில மர வரி குறுக்கா வெளிய ஓடினா ஒரு நாள் அங்கதான் உடையும், அதை எந்த விலைக்கும் வாங்காதீங்க.

டச்-ஹோல் கிண்ணியோட மேல் விளிம்பு மட்டத்துல, நடுவுல, ஏறக்குறைய 1/16 அங்குலம் இருக்கணும். ரொம்பக் கீழ இருந்தா மருந்து துளையை அடைச்சு, திரி மாதிரி மெல்ல எரிஞ்சு தாமதமாச் சுடும். ரொம்பப் பின்னால தள்ளியிருந்தா பின்மூடியோட (குழலோட பின்பக்கத்தை அடைக்கற திருகு) முகப்பு துளையை மறைக்கும். லாக்குல குதிரை (கல்லைப் பிடிச்சிருக்கற சுத்தியல்) பாதி ஏத்தத்துல நிக்கும்போது விசையை அழுத்தினா இறங்கவே கூடாது. ஃபிரிஸன் (கல் மோதற எஃகுத் தகடு) பத வைக்காத மெத்து எஃகா இருந்தா சிக்கிமுக்கிக் கல் அதைச் செதுக்கும், பொறி வராது. மருந்து இல்லாம, இருட்டுல, கல்லை அடிச்சு வீடியோ எடுக்கச் சொல்லுங்க. பொறிகள் கிண்ணிக்குள்ள விழணும். அங்கங்க சிதறினா லாக் வடிவமே தப்பு.

குழல் 42 அங்குலம், வாய்ப்பக்கமும் பின்பக்கமும் தடிச்சு நடுவுல மெலிஞ்சதா இருந்தா நல்ல சமநிலை. ரைஸ், கோல்ரெயின், கிரீன் மவுன்டன் எல்லாம் நம்பற பேர். 50 காலிபருக்கு உருண்டைக் குண்டு 0.490 அங்குலம், 177 கிரெயின் எடை, 0.015லிருந்து 0.018 அங்குலத் தடிமன்ல குண்டைச் சுத்தி வைக்கற துணி. குழல் புரி 48 அங்குலத்துக்கு ஒரு சுத்து, இல்ல 66. 28 அங்குலத்துக்கு ஒண்ணுன்னா அது நீளக் குண்டுக்கான குழல், உருண்டைக்கு ஒத்து வராது.

செந்தில்_டெக்சாஸ்
மானுக்கு 45 போதும். ஈயமும் மருந்தும் மிச்சம், தோளுக்கும் சுகம்.

கருமருந்து_காளி
சட்டப்படி போதும், 128 கிரெயின் குண்டு கிட்டத்துல மானைச் சாய்க்கும். ஆனா புதுசாச் சுடறவர் குண்டை எங்க வைப்பார்னு தெரியாது. 50க்குக் கீழ போக வேணாம்னு சொல்லுவேன். 70 கிரெயின் மருந்துன்னா ஒரு பவுண்டுல நூறு தடவை சுடலாம், 7,000 கிரெயின் ஒரு பவுண்டு. குழலுக்கு 2எஃப் இல்ல 3எஃப், கிண்ணிக்கு 4எஃப் மூணு கிரெயின் (எண் கூடக் கூட மருந்து நைசா இருக்கும்). கடையில கிடைக்கற பைரோடெக்ஸ் மாதிரி மாற்று மருந்து பத்த அதிக வெப்பம் கேக்கும், கிண்ணி நெருப்புக்கு எடுக்காம நின்னுடும். சுட்டு முடிச்ச அன்னிக்கே வெந்நீர்ல குழலைக் கழுவி எண்ணெய் தடவணும். கருமருந்துக் கசடு ஈரம் இழுக்கும், பின்மூடிக்கு முன்னால துரு குழி குழியா அரிக்கும்.

வல்வை_ரொறன்ரோ
இந்தியாவில செய்து விக்கிற மலிவு ஃபிளின்ட்லாக்கும் இருக்குது. கனக்கக் கடைகளில டச்-ஹோல் துளைக்காமல், காட்சிப் பொருள் எண்டுதான் விக்கினம். துளைச்சுப்போட்டுச் சுட நினைக்காதேங்கோ, அந்தக் குழலை அழுத்தச் சோதனை செய்திருக்க மாட்டினம்.

மீனாட்சி_நியூஜெர்சி
இன்னொரு வழி கிட், அதாவது நாமளே பூட்டி முடிக்கற உதிரித் தொகுப்பு. ஒஹாயோல ஜிம் கிப்ளர் கணினி இயந்திரத்துல வெட்டித் தர்ற கிட்டுல குழல், லாக் எல்லாம் கட்டைக்குள்ள அப்படியே உக்காரும். உங்க வேலை முழுக்க மெருகுதான்: தேய்க்கறது, இரும்பு நைட்ரேட் கரைசல் தடவிச் சூடு காட்டி மேப்பிள் வரியை எடுக்கறது, அமிலத்தை முறிக்கறது, எண்ணெய் பூசறது, குழலைப் பழுப்பாக்கறது. விலை 1,000 டாலருக்கு மேல போகும், ஆனா குழலும் லாக்கும் முதல் தரம். வார இறுதியில மட்டும் செஞ்சா டிசம்பருக்கு நெருக்கடிதான். இடது கைக்கு எது கைவசம் இருக்குன்னு கேட்டுட்டு முடிவு பண்ணுங்க. வட கரோலினாவுல ஜிம் சேம்பர்ஸ் கிட்டும் நல்லது, ஆனா உளி பிடிக்கத் தெரிஞ்சவருக்குத்தான்.

புதுசா_வந்தவன்
ரொம்ப நன்றி. லாக்கைக் கழட்டி போட்டோ கேட்டேன், நேரம் இல்லன்னு சொல்றார். பணத்தை ஸெல்லில (வங்கிக் கணக்குக்கு உடனே பணம் அனுப்பற சேவை) மட்டும் அனுப்பச் சொல்றார். இது வலது கை ரைபிள்தானாம். ஊருக்குப் போகும்போது எடுத்துட்டுப் போலாமா?

கருமருந்து_காளி
விட்டுடுங்க. ஸெல்லில போன பணம் திரும்பாது. மூணு நாள் பார்த்துட்டுத் திருப்பித் தர்ற வசதி, கடன் அட்டையில கட்டற வசதி ரெண்டும் தர்ற கடையில மட்டும் வாங்குங்க. ஊருக்குக் கொண்டு போற நினைப்பு வேணாம். வாய்வழி அடைக்கற நாட்டுத் துப்பாக்கிக்கும் நம்ம ஊர்ல 1959 ஆயுதச் சட்டப்படி உரிமம் வேணும், விமான நிலையத்துலயே மாட்டிக்குவீங்க.

நாளைக்குச் செய்ய வேண்டியது: வகுப்புக்குப் பதிவு, வாடகை ஒப்பந்தத்துல துப்பாக்கியைப் பத்தி எதுவும் எழுதியிருக்கான்னு பார்க்கறது, வீட்டுல பேசறது. இந்த சீசனுக்கு ரைபிள் அமையலன்னா நண்பர்கிட்ட ஒண்ணு இரவல் கேளுங்க, பயிற்சிக்கு அது போதும். எங்க வாங்கினாலும், பார்சல் பிரிச்சதும் முதல் வேலை: மருந்து இடிக்கற கம்பியைக் குழலுக்குள்ள இறக்கி, வாய் மட்டத்துல பென்சில்ல குறி போடுங்க. வெளிய எடுத்துக் குழல் மேல வெச்சுப் பாருங்க. கம்பி நுனி டச்-ஹோல் வரைக்கும் வரணும். ஒரு அங்குலம் குறைஞ்சாலும் உள்ள பழைய மருந்தும் குண்டும் இருக்குன்னு அர்த்தம். கல்லைக் கழட்டி வெச்சுட்டு, தெரிஞ்ச ஆளைக் கூப்பிடுங்க.